ஏணியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்

"ரெண்டையும் கையில எடுத்துப் பாருங்க சார், பாத்தா தேஞ்சா போயிரும்" என்றார் கடைக்காரர் ஜெபசிங். எடுத்தேன். வலது கையில் உள்ளே மிரர் வைத்த டி.எஸ்.எல்.ஆர்., இடது கையில் அந்த மிரரே இல்லாத மிரர்லெஸ். இரண்டுமே என்னைப் போல முதல்முறை வாங்க வருகிறவனுக்கென்று செய்த ஆரம்ப மாடல்கள். ஒன்று கொஞ்சம் கனமாக, கைக்கு வாகாக இருந்தது. இன்னொன்று இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும்படி இருந்தது. இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஒரு மாதமாக யூடியூபே கதியென்று கிடக்கிறேன், கேமராவைப் பற்றித் தமிழில் பேசுகிற அத்தனை பையன்களையும் பார்த்தாயிற்று, அவர்கள் வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறது என்றுகூட என்னால் சொல்ல முடியும். பேட்டரி எதில் நிற்கும், லென்ஸ் எதற்குச் சல்லிசாகக் கிடைக்கும், லென்ஸைக் கழற்றும்போது எதில் தூசி படியும், எல்லாம் மனப்பாடம். டி.எஸ்.எல்.ஆர்.தான் என்று முடிவும் செய்துவிட்டேன். செய்துவிட்டு கோமதியிடம் தினம் ஒரு பிரசங்கம். அவள் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, கால் வீங்கியிருக்கிறது என்று சுவரில் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருக்கும்போது. டி.எஸ்.எல்.ஆரில் கண்ணை வைத்துப் பார்த்தால் நிஜ வெளிச்சமே மிரரில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது, மிரர்லெஸ்ஸில் தெரிவது உள்ளே இருக்கிற குட்டி டி.வி., அது பொய், இது நிஜம், நம் பிள்ளையை நிஜமாகப் பார்த்து எடுக்க வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். அவளுக்கு இது ஆறாம் மாதம். இப்போது வண்ணார்பேட்டையில் இந்தக் கடையின் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த தண்ணீர் பாட்டிலை மூடியும் திறந்தும் கொண்டிருக்கிறாள். நான் கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டைப் பார்க்கிறேன். எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியில் இன்னும் வெயில் இருக்கிறது. அது இறங்குவதற்குள் பைக்கை எடுத்துவிட வேண்டும். இந்தக் கணக்கைக் கொஞ்ச காலமாக எங்கே போனாலும் போட்டுக்கொண்டிருக்கிறேன், கோமதிக்குத் தெரியாது.

"இப்பம் ஒரு வித்தை காட்டுதேன் பாருங்க" என்று ஜெபசிங் கடையின் பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. குடோன். "உள்ள லைட் போடல. ரெண்டு கேமராலயும் அங்கன பாருங்க. வித்தியாசம் தெரியும்." முதலில் மிரர்லெஸ்ஸில் கண்ணை வைத்தேன். அட்டைப் பெட்டிகள் மேல்வரை அடுக்கியிருந்தன, ஒரு ஏணி சாய்த்து வைத்திருந்தது, மூலையில் துடைப்பம், எல்லாம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. பிறகு என் டி.எஸ்.எல்.ஆர்., என் ஒரு மாதப் பிரசங்கம். கண்ணை வைத்தேன். கதவின் சட்டம் தெரிந்தது. சட்டத்துக்குள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் கருப்பு, மை ஊற்றி வைத்த மாதிரி. ஃபோகஸ் சரியில்லையோ என்று லென்ஸைத் திருகினேன், கண்ணைத் துடைத்தேன், மறு கண்ணை வைத்தேன். "இது கம்மி விலை மாடல்லா சார், இதுல பாக்கதுக்கு எப்பமும் கொஞ்சம் டல்லாத்தான் இருக்கும்" என்று ஜெபசிங் சொன்னார் பாருங்கள், அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கேமரா டல். அவ்வளவுதான். மலிவான கேமரா, மலிவான மிரர், பழி அதன்மேல். நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அதற்குள் கோமதி எழுந்து வந்துவிட்டாள். "குடுங்க அத்தான், நானும் பாக்கேன்" என்று வாங்கிக் கண்ணில் வைத்தாள். "தெரியுதே. பெட்டி இருக்கு. ஏணி இருக்கு. ஆமா அண்ணாச்சி, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு, ஆனா தெரியுதே." அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றாள். "ம், தெரியுது தெரியுது" என்றேன். தெரியுது என்று எதற்கு இரண்டு தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. கேமரா அவள் கையிலேயே இருக்க, வெறும் கண்ணால் குடோன் கதவைப் பார்த்தேன். அங்கேயும் அதே மை. ஏணியாவது ஒன்றாவது.

ஆக, இது கேமராவில் இல்லை. என் கண்ணில் இருக்கிறது. பிச்சையா மாமாவின் கண்ணில் இருந்தது என் கண்ணுக்கு வந்துவிட்டது. இல்லை, வந்துவிட்டது என்று ஏன் நினைக்க வேண்டும், ஏசி கடை, வெளியே வெயில், வெயிலிலிருந்து வந்தால் யாருக்கும் கொஞ்ச நேரம் இருட்டத்தான் செய்யும். கோமதியும் அதே வெயிலிலிருந்துதானே வந்தாள். சரி, பிச்சையா மாமா. என் அம்மாவும் கோமதியின் அப்பாவும் அக்கா தம்பி, அவர்களுக்கு இளையவர் பிச்சையா. எனக்கு மாமா, கோமதிக்குச் சித்தப்பா. ஆழ்வார்குறிச்சியில் தனியாக இருக்கிறார். குடிகாரர். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் குடிகாரர். பொழுது சாய்ந்தால் தள்ளாடுவார், கிணற்றடியில் தடுக்கி விழுவார், கல்யாண வீட்டில் பந்தியில் இலையை மிதித்துவிட்டு நிற்பார், "ஆரம்பிச்சிட்டான்" என்பார் கோமதியின் அப்பா, எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். குடிகாரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், யாரும் கொடுக்கவில்லை. அப்புறம் அவருக்குக் கண்ணே போயிற்று. குடித்துக் குடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்றது குடும்பம். எங்கள் வீடுகளில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு, புது மாப்பிள்ளை பிச்சையா மாமாவைப் பார்க்கப் போனால் ஒரு பாட்டிலோடு போக வேண்டும். எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி விருந்துக்குப் போனபோது நானும் கொண்டுபோனேன். நல்ல பிராந்தியாக, பேப்பரில் சுற்றி. கோமதி அடுக்களையில் நாங்கள் கொண்டுபோன குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலை அவர் கையில் வைத்து, "மாமா, மெதுவா வச்சுக்குங்க" என்று கண்ணைச் சிமிட்டினேன், கண் தெரியாதவரிடம் கண்ணைச் சிமிட்டினேன், என் லட்சணம் அப்படி. அவர் பாட்டிலைத் தடவிப் பார்த்தார். சிரித்தார். "கட்டிலுக்கு அடியில பாருல மருமவனே" என்றார். குனிந்து பார்த்தேன். வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொரு மாப்பிள்ளையும் கொண்டுவந்தது. ஒன்றிலும் மூடி திறக்கவில்லை. "நான் இதை மோந்துகூடப் பாத்ததில்லல" என்றார்.

அதற்குமேல் அவர் சொன்னதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேறொரு சொல்லில் போய்ச் சிக்குகிறது. வாலிப வயதில் சாயங்காலமானால் கண் தெரியவில்லை, மாலைக்கண் என்று மீனெண்ணெய் குடித்தாராம், கேட்கவில்லை. மதுரையில் பெரிய டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, இது விழித்திரையிலேயே இருக்கிறது, வம்சத்தில் வருவது, சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் பிள்ளைகளுக்கு இறங்கும், முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரம் தெரியாது, பிறகு ஒரு குழாய்க்குள் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியும், பிறகு அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் அப்போது என் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் வியாதி உள்ள வம்சம் என்றால் யார் வாசலை மிதிப்பார்கள். குடிகாரத் தம்பி என்றால் பரவாயில்லை, குடிகாரன் இல்லாத வீடு எது. "ஒரு வாரம் யோசிச்சாங்க. பெறவு என்னைக் குடிகாரனாக்கிட்டாங்க" என்றார் மாமா. "நானும் சரின்னுட்டேன். அக்காவுக்காச்சுதேன்னு." சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அப்பம் எங்களை மட்டும் ஏன் மாமா கட்டி வச்சாங்க?" என்று கேட்டேன். "உங்க அம்மாட்ட கேட்டேன்ல. எனக்கு வரல, உங்க அண்ணனுக்கு வரல, எங்க பிள்ளைகளுக்கு எப்படி வரும்னா. அவ சொன்னதும் நியாயமாத்தான பட்டுது." கோமதி குழம்போடு உள்ளே வந்தாள். பாட்டிலைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இன்னும் இந்தக் கருமத்த விடலையா?" என்று கேட்டாள். மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. கோமதி பரிமாறினாள், சாப்பிட்டோம்.

"இதுல ஒரு குறை இருக்கு சார், மறைக்கப்படாது" என்று ஜெபசிங் இப்போது டி.எஸ்.எல்.ஆரைத் தட்டிக் காட்டுகிறார். பட்டனை அமுக்கும்போது மிரர் மேலே எழும்பும், அந்த ஒரு நொடி பார்க்கிறவருக்கு இருட்டாகிவிடும், படம் விழுகிற நேரத்தில் எடுக்கிற ஆளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. எனக்குத் தெரியாதா இது. யூடியூபில் ஒருவன் இதை வைத்தே ஒரு மணி நேரம் பேசினான். மாமாவை வைத்து எங்கள் வீடே இத்தனை வருஷம் பேசியிருக்கிறது. இல்லை, இதையும் அதையும் சேர்க்காதே, கேமராவைப் பார். பேட்டரியைப் பார். பேட்டரி இதில் நாள்பூராவும் நிற்கும். அதில் பாதி நாள். போன மாசம் தியேட்டரில் இடைவேளை முடிந்து உள்ளே போய் யாரோ ஒரு அம்மாள் மடியில் உட்காரப் போனேன். கோமதி சிரித்தாள், நானும் சிரித்தேன், அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நெல்லையப்பர் கோயிலில் உள்பிராகாரத்தில் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டேன், கோயிலில் வைத்து என்ன அத்தான் என்று வெட்கப்பட்டாள். புருஷனுக்குப் பாசம் பொங்குகிறது என்று நினைத்திருப்பாள். கிலோ கணக்கில் காரட் வாங்கிப் போடுகிறேன், முருங்கைக்கீரை, பப்பாளி, வேண்டாம் வேண்டாம் பப்பாளி கர்ப்பிணிக்கு ஆகாது என்று என் அம்மா போனிலேயே கத்தினாள், அது நான் தின்பதற்கு என்று எப்படிச் சொல்வது. கோமதி தோழிகளிடம் பெருமையடிக்கிறாள், அவிய எனக்குக் காரட் சீவித் தாறாவ என்று. இந்தக் கண்ணோடு நான் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? மெடிக்கல் ரெப். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிற வேலை, அதுவும் முக்கால்வாசி சாயங்காலம். என் பெட்டியில் கண்ணுக்கான சொட்டு மருந்தும் இருக்கிறது. கண் டாக்டர் அம்மா ஒருவர் முன்னால் உட்கார்ந்து, கண் உலர்ந்து போகாமல் எங்கள் கம்பெனி சொட்டு மருந்து எப்படிக் காக்கிறது என்று ஒப்பிக்கிறேன். அவர் தலையாட்டிக்கொண்டே பேனாவால் மேஜையில் தாளம் போடுவார். எனக்கும் ஒரு சந்தேகம் மேடம் என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். என்ன என்று நிமிர்ந்தார். சாம்பிள் இன்னும் ரெண்டு வைக்கவா என்று கேட்டுவிட்டு வந்தேன். கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம். சொல்லாதவரை அது இல்லை.

சொல்லாதவரை அது இல்லை என்பதுதான் எங்கள் குடும்பத்துக்கே பாடம் போலிருக்கிறது. அம்மாவின்மேல் எரிச்சலாக வந்தது. எனக்கு வரல, உங்க அண்ணனுக்கு வரல. உனக்கு வராமல் உனக்குள்ளே ஒளிந்திருந்து எனக்கு வந்திருக்கிறது அம்மா. உன் தம்பி மகளுக்குள்ளேயும் ஒளிந்திருக்கலாம். அவள் வயிற்றில் இப்போது புரளுகிறதே, நான் கை வைத்தால் சட்டென்று அடங்கிப்போய், எடுத்தால் மறுபடி உதைக்கிறதே, அதற்கு? மாமாவிடம் அந்த மதுரை டாக்டர் சொன்னது அதைத்தானே. அதை ஒரு நாளும் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. அந்த நினைப்பு வருகிற பக்கமாகப் போனாலே போனை எடுத்து டி.எஸ்.எல்.ஆரா மிரர்லெஸ்ஸா என்று தேட ஆரம்பித்துவிடுவேன். இந்த ஒரு மாதமும் அப்படித்தான் போனது. கேமரா வேண்டுமென்று கேட்டது கோமதிதான், போனில் எடுக்கிற படமெல்லாம் போனிலேயே செத்துப்போகிறது, பிள்ளை பிறந்ததும் நல்லதாக நாலு படம் எடுத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்றாள். ஒரு சின்ன ஆசை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஒளிந்திருக்கிறேன். பிள்ளை பிறக்கிற அறை எப்படி இருக்கும்? டியூப்லைட் இருக்கும். ராத்திரி தூங்கும்போது விளக்கை அணைப்பார்கள். கோமதி, பிள்ளை சிரிக்குது பாருங்க, எடுங்க என்பாள். நான் என் நிஜ வெளிச்சக் கேமராவில் கண்ணை வைப்பேன். மை. இதில் வேடிக்கை, தப்பிக்க வழி இருக்கிறது. சொல்ல வேண்டியதே இல்லை. மிரர்லெஸ் வாங்கிவிட்டால் போதும். அதுவே இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டிவிடும், எனக்குத் தெரிகிறதா இல்லையா என்று யார் கேட்கப் போகிறார்கள். காரணமா இல்லை? கனம் குறைவு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டே எடுக்கலாம். சத்தம் வராது, தூங்குகிற பிள்ளை எழாது. இனிமேல் கம்பெனிகள் எல்லாம் இதைத்தான் செய்யும், அது பழசாகிவிடும். யூடியூப் பையன்கள் வரிசையில் வந்து எனக்காகச் சாட்சி சொல்வார்கள். நினைக்க நினைக்க நிம்மதியாக இருந்தது. எதிர் மாடியில் வெயில் கைப்பிடிச் சுவருக்கு ஏறிவிட்டது. "மிரர்லெஸ்ஸே எடுத்துக்கிடலாம்" என்றேன், மிகச் சாதாரணமாக.

"எது?" என்றாள் கோமதி. "நல்லாருக்கே. ஒரு மாசமா என் காதுல ரத்தம் வர்ற வரைக்கும் இது பொய் அது நிஜம்னு சொன்னது யாரு?" ஜெபசிங் சிரித்தார். "கனம் இல்லைலா. உனக்குத் தூக்கச் சௌகரியம்" என்றேன். "நான் என்ன நோயாளியா? தண்ணிக்குடமே தூக்குதேன்." "சத்தம் வராதுட்டி, பிள்ள முழிக்காது." "எம்பிள்ள இந்த டக்குச் சத்தத்துக்கெல்லாம் முழிக்காது, உங்க கொறட்டைக்கு நடுவுல தூங்கப்போற பிள்ள அது." எனக்கு வியர்த்தது. ஏசி கடையில் வியர்த்தது. பேட்டரி கம்மி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், லென்ஸ் விலை ஜாஸ்தி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று என் பிரசங்கங்களை அவள் ஒவ்வொன்றாக என்மேலேயே எடுத்து வீசினாள். இவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டா இருந்தாள்? நான் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டுதானே கிடந்தாள். பேசிக்கொண்டே டி.எஸ்.எல்.ஆரை எடுத்து மறுபடி குடோன் பக்கம் திருப்பினாள். எனக்கு அவள் அந்தப் பக்கம் திரும்பியதே பிடிக்கவில்லை. ரோட்டைப் பார்க்கக் கூடாதா, ஃபேனைப் பார்க்கக் கூடாதா, கடையில் வேறு இடமே இல்லையா?

"ஐயோ அத்தான், அங்கன ஒருத்தர் உக்காந்திருக்காரு" என்று சிரிக்க ஆரம்பித்தாள். "ஏணியில உக்காந்து டிபன் பாக்ஸ்ல சாப்பிடுதாரு. பாவம், இப்பம்தான் மத்தியானச் சாப்பாடு போல. நம்மளப் பாத்துட்டாரு. சிரிக்காரு அத்தான், பல்லெல்லாம் தெரியுது." ஜெபசிங்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "நம்ம கடை சுப்பையாதான்மா, பின்வாசல் வழியா வந்திருப்பாரு. போட்டோன்னா அவருக்கு உசுரு, எடுங்க" என்றார். கோமதி கேமராவை என் கையில் திணித்தாள். "நீங்க எடுங்க. நம்ம கேமராவுல மொதப் படம். வெரசா, அவரு சிரிக்கும்போதே." வாங்கினேன். கண்ணில் வைத்தேன். கருப்பு. அந்தக் கருப்புக்குள் எங்கோ ஒரு மனிதர் சோற்றுக் கையோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்? ஏணி இடப்பக்கமா சாய்ந்திருந்தது, மிரர்லெஸ்ஸில் பார்த்தேனே, இடப்பக்கம்தான், இல்லை, வலப்பக்கமா? "எடுங்க" என்றாள் கோமதி. "பாத்துட்டே இருக்காரு." கதவுச் சட்டத்தை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்பி அமுக்கினேன். டக். உள்ளே மிரர் எழும்பி விழுந்தது. எனக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கோமதி கேமராவை வாங்கிப் பின்பக்கத் திரையைப் பார்த்தாள். "எங்கத்தான் எடுத்திருக்கீங்க? வெறும் பெட்டியால்லா இருக்கு. ஓரத்துல அவரு முட்டு மட்டும் தெரியுது. தலையவே காணும்." இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "இன்னொன்னு எடுங்க, ஒழுங்கா" என்று திருப்பி நீட்டினாள்.

வாங்கியிருக்கலாம். வாங்கி இன்னொரு திசையில் அமுக்கி, கை ஆடிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பட்டன் சரியில்லை, ஃபோகஸ் பிடிக்கவில்லை என்றால் ஜெபசிங் நம்புவார், கோமதியும் நம்புவாள், அவள் நான் சொல்வதை நம்புகிறவள், சித்தப்பா குடிகாரர் என்று பிறந்ததிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறவள். அந்த நினைப்புத்தான் என் கையைத் தடுத்தது என்று நினைக்கிறேன். இப்போது இந்தப் பொய்யைச் சொன்னால் அடுத்த மாசம் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், மாடிப்படியில் விழுந்தால் ஒன்று, பைக்கை விட்டுவிட்டால் ஒன்று, கடைசியில் என்னவென்று சொல்வேன், நானும் குடிக்கிறேன் என்பேனா? பிள்ளை பொழுதுசாய விளையாடப் போய்த் தடுக்கி விழுந்தால் அதைப் பற்றி என்ன சொல்வோம்? பிள்ளை மேல் எந்தப் பொய்யைச் சுமத்துவோம்? வாய் தானாகத் திறந்தது. "எனக்கு அங்க ஆளே தெரியல கோமதி" என்றேன்.

"வெளயாடாதீங்க." "இல்லட்டி. ஏணியும் தெரியல. மொதல்லயும் தெரியல, சும்மா தெரியுதுன்னேன். இருட்டுல எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே." ஜெபசிங் துணியை எடுத்து, "லென்ஸத் தொடைச்சுத் தரட்டா சார்?" என்று கேட்டார், கேட்டுவிட்டுக் கவுன்டரைத் துடைக்க ஆரம்பித்தார். கோமதி என் முகத்தையே பார்த்தாள். முதலில் சிரிப்பு போனது. அப்புறம் அவள் கண் எங்கோ போயிற்று, என்னைத் தாண்டி, கடையைத் தாண்டி. தியேட்டருக்குப் போயிருக்கும், கோயில் பிராகாரத்துக்குப் போயிருக்கும், காரட்டுக்குப் போயிருக்கும். போய் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு அது நிற்கிற இடம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு விளக்கிச் சொல்ல நான் எத்தனையோ ராத்திரி கட்டிவைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

"அத்தான்" என்றாள். "அப்பம் எங்க சித்தப்பா குடிக்கதே இல்லையா?"

"இல்ல" என்றேன்.

அவள் உட்காரவில்லை, அழவில்லை. கை மட்டும் வயிற்றுக்குப் போய் அங்கேயே இருந்தது. என்மேல் கோபமா, அவள் அப்பாமேலா, என் அம்மாமேலா, தெரியவில்லை, எல்லார் மேலேயும் இருக்கும், முகம் கறுத்துப்போய் மூச்சு வாங்கிற்று. எனக்கு அழுகை வந்தது. கடையில் வைத்து அழுதுவிடக் கூடாது என்று விலைச்சீட்டுகளை வாசித்தேன், எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிறகு அவள் ஜெபசிங்கைப் பார்த்துத் திரும்பினாள். நிதானமாகத்தான் பேசினாள். "அண்ணாச்சி, அவியளுக்கு எதுல தெரியுதோ அதையே குடுங்க. பில்லு போடுங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதோம்." என் பக்கம் பார்க்காமலேயே, "நீங்க போற கண் டாக்டர் அம்மா இப்பம் இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"இருப்பாங்க. ஆனா ரெப்புகள எல்லாம் பேஷண்ட் முடிஞ்ச பெறவுதான் உள்ள விடுவாங்க" என்றேன்.

"ரெப்பாப் போகல" என்றாள் கோமதி. "சாவியக் குடுங்க. ஆட்டோவுல போவோம், பைக்கு இங்கனயே நிக்கட்டும்." சாவியைக் கொடுத்தேன். கதவைத் திறந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோயிலில் நான் பிடித்த மாதிரி இல்லை, நகம் பதியப் பிடித்தாள், வலித்தது. ரோட்டில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. விடு என்று நான் சொல்லவில்லை.